ஸ்பிரிங் பட்டையும் பரங்கிப்பேட்டை ஹீத்தும்

போன மாசம் கள்ளக்குறிச்சில சித்தப்பாவோட கரும்பு டிரெய்லர்ல ஸ்பிரிங் பட்டை உடைஞ்சு போச்சு. புதுசு வாங்க மனசு வரலை, பட்டறையில வெல்டிங் வெச்சு மாட்டினார். ரெண்டாவது லோடுலயே 'டணார்'. கூத்து என்னன்னா, வெல்டிங் வெச்ச இடம் அப்படியே இருக்கு, ஒரு விரல்கடை தள்ளி விட்டிருக்கு! எனக்கு உடனே ஹீத் ஞாபகம் வந்துட்டார்.

யாருன்னு கேக்கறீங்களா? கல்வராயன் மலையில பிறக்கிற கோமுகி, மணிமுக்தாவோட சேர்ந்து, வெள்ளாத்துல கலந்து கடலுக்குப் போற ஊர் பரங்கிப்பேட்டை. 1830 வாக்கில் அங்கே இரும்பு உலை போட்டவர்தான் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிட்டு வந்த மனுஷன். சேலத்துப் பக்கம் இரும்புக் கல், காட்டு மரக்கரி, அரசாங்கக் கடன். கடைசிவரைக்கும் தொழில் தள்ளாட்டம்தான்.

ஆனா அவர் பேர் நிக்கிறது வேற விஷயத்துல. அந்தக் காலத்து ஷெஃபீல்டு வார்ப்பு உருக்கைப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு இரும்போட ஒட்ட வைக்கிறது பெரும்பாடு. உருக்குல இருக்கிற கந்தகம் இரும்போட சேர்ந்தா சூட்டில் முதல்ல இளகி, மணிமணியாப் பிளந்துக்கும். 1839ல் ஹீத் ஒரு காப்புரிமை எடுத்தார்: மூசையில 1 முதல் 3 சதவீதம் மாங்கனீசு கார்பைடு போடு. மாங்கனீசு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும். கத்தி அலகை இரும்புக் காம்போட ஒட்டலாம், விலையும் மலிவு. அவரோட ஏஜெண்ட் அன்வின் என்ன பண்ணார்னா, கார்பைடைத் தனியா செய்யாம, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரா மூசைக்குள்ள போட்டார். இது காப்புரிமையில சேராதுன்னு வாதம். வழக்கு இழுத்து, 1855ல் பிரபுக்கள் சபையில் ஹீத் தரப்பு தோத்துச்சு. அதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டார். அநியாயம்தான், என்னைக் கேட்டா.

இன்னிக்கு அதே மாங்கனீசையே சந்தேகமாப் பாக்கறாங்க. கார்பனோட மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியத்துல அஞ்சில் ஒரு பங்கு, நிக்கல், செம்புல பதினஞ்சில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகைதான் கார்பன் சமானம். இது ஏறினா, வெல்டிங் சூடு பட்ட ஓரம் சட்டுனு ஆறி கண்ணாடி மாதிரி இறுகிடும். ஈர ராடுல இருந்து ஹைட்ரஜனும் புகுந்தா விரிசல் நிச்சயம். ஸ்பிரிங் பட்டையில கார்பனே அரை சதவீதத்துக்கு மேல. போதாததுக்கு அதைக் காய்ச்சி, தோய்ச்சுப் பதம் போட்டிருப்பாங்க. வெல்டிங் அந்தப் பதத்தையும் கெடுத்துடும். முன்கூட்டியே சூடேத்தி, மெதுவா ஆற விட்டாதான் கொஞ்சமாவது தாங்கும்.

வீட்டுக்குப் போடற டிஎம்டி கம்பியில வழியே வேற. உருட்டின சூட்டோட தண்ணி பீய்ச்சி மேல்தோலை இறுக்கி, உள்சூட்டிலேயே பதம் ஏத்தறாங்க. பலத்துக்குக் கார்பனை நம்பத் தேவையில்லை. ஃபே 500டி கம்பிக்கு கார்பன் 0.25 சதவீதம்தான் உச்சம்.

இவ்வளவும் சித்தப்பாகிட்ட சொன்னேன். "சரிடா, அந்தாளு காசு பாத்தானா?"ன்னார். இல்லைன்னேன். மறுநாள் புதுப் பட்டை வாங்கிட்டார்.