சாண எரிவாயுவின் வரலாறு

மாட்டுச் சாணத்தைப் பண்டைத் தமிழர் ஆப்பி என்றனர். வயலுக்கு இடின் அது எரு. தட்டி உலர்த்தி அடுப்பில் இடின் வறட்டி. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எருவுக்கு ஏரினும் உயர்ந்த இடம் தருகின்றார். ஆயினும், விறகு அரிதாகிய ஊர்களில் அடுப்பே வயலை வென்றது. எரித்த சாணத்தில் சாம்பலே எஞ்சும்; பயிர்க்குரிய தழைச்சத்து புகையொடு கழியும். தளவாய்புரம் போன்ற ஊர்களில் உழவர்க்கு இவ்விழப்பு சிறிதன்று. சாணத்திலிருந்து எரிவாயுவைப் பிரித்து, எருவை வயலுக்கே மீட்கும் கலனின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயர் இல்லத்தில் 1859இல் கழிவிலிருந்து எரிவாயு பெறப்பட்டது எனப் பலர் எழுதியுள்ளனர். இது பொருந்தாது. அவ்வில்லம் தோன்றியதே 1890இல்தான். 1897 எனக் கூறுவார் கூற்றே ஏற்புடைத்து. ஒருவர் எழுதிய ஆண்டைப் பிறர் ஆராயாது பெயர்த்தெழுதியதன் விளைவு இது என்று கருதுகின்றோம். அங்குப் பயன்பட்டதும் மனிதக் கழிவே, சாணம் அன்று.

சாணத்தைக் கொண்டு தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் 1930களின் இறுதியில் ஆய்வு நடத்தினார். 1951இல் ஜஷ்பாய் படேல் 'கிராமலட்சுமி' என்னும் கலனை அமைத்தார். கிணறு போன்ற தொட்டியில் சாணக் கரைசல். அதன்மேல் கவிழ்த்த இரும்புக் கொப்பரை. வாயு சேரச் சேரக் கொப்பரை எழும். அதன் எடையே வாயுவை அடுப்புக்குத் தள்ளும். கதர் கிராமத் தொழில் ஆணையம் இதனை 1960களில் நாடெங்கும் பரப்பியது. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். சிறு குடும்பத்திற்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும். அஃதாவது நான்கைந்து மாடுகள். அவை இல்லார்க்குக் கலனும் இல்லை என்பதே அன்றைய நிலை. இரும்பும் துருப்பிடித்தது. 1984இல் வந்த 'தீனபந்து' கலன் இரும்பை நீக்கியது. மாட்டின் தேவையை நீக்கவில்லை.

அதனை நீக்கியவர் புனே நகரத்து ஆனந்த் கார்வே. சாணம் மாடு தின்று செரித்து எஞ்சிய பொருள். செரிக்காத உணவிலோ வாயுவாதற்குரிய கூறு மிகுதி. இக்கருத்தால் அவர் 2003இல் சில கிலோ உணவுக் கழிவில் இயங்கும் சிறு கலனை உருவாக்கினார். தென்கோடியில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரமும் 'சக்தி சுரபி' என்னும் கலனை அமைத்துத் தந்தது. எனினும் முதலிற் கலனைத் தொடக்க நுண்ணுயிர் வேண்டும். அதற்குச் சாணக் கரைசலையே இன்றும் இடுகின்றனர்.