பதனிடாத படங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதியில் வாழும் நமக்குத் தோல் பதனிடுதல் புதிய செய்தியன்று. நாளைக்கே அழுகிவிடக்கூடிய பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலும் பட்டைச் சாற்றிலும் ஊறவைத்து, தலைமுறை தாண்டியும் நிலைக்கும் பொருளாக்குவதே அத்தொழில். நிழற்படக் கலையும் நூறாண்டுகளுக்கு மேலாக இதன் நெருங்கிய உறவாகவே வாழ்ந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் டால்பட் 1841-ல் காப்புரிமை பெற்ற முறையில், காகிதத்தில் மறைந்திருந்த உருவை வெளிக்கொணர உதவியது காலிக் அமிலம். தோல் பதனிடப் பயன்படும் நம் கடுக்காயிலும் அந்த அமிலம் உண்டு. காகித எதிர்ப்படங்களைக் கொண்டே லினேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். அசையாத கல் தெளிவாகப் பதிந்தது. நடமாடும் மனிதர் பதிவது அரிதாயிருந்தது.

1851-ல் வந்த கொலோடியன் முறையில், தகட்டின் ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே கலைஞர் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து திரிந்தார். அச்சுமையை இறக்கியது தோல்தான். 1871-ல் மருத்துவர் ரிச்சர்டு மேடக்ஸ், வெள்ளியுப்பை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசலாம் எனக் காட்டினார். ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. தச்சர்களின் வச்சிரப் பசைக்கு உடன்பிறப்பு. அதன்பின் தகடு உலர்ந்தே கடைக்கு வந்தது. 1888-ல் ஈஸ்ட்மனின் கோடாக் கருவி நூறு படங்களைச் சுருளுக்குள் அடக்கிச் சாமானியரின் கையில் கொடுத்தது.

இந்த உறவு மேலும் ஆழமானது. கடுகுச் செடியில் உள்ளது போன்ற கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் சிறிதளவு இருப்பதே படச்சுருளின் ஒளியுணர்வைக் கூட்டுகிறது என்று கோடாக் ஆய்வாளர் ஷெப்பர்டு 1925-ல் வெளியிட்டார். மாடு மேய்ந்த தழை, படச்சுருளின் ஒளியுணர்வைத் தீர்மானித்தது! ஜெலட்டின் படலம் நீரில் இளகாதிருக்கச் சேர்க்கப்பட்ட குரோம் படிகாரம், குரோம் முறையில் தோலைப் பதனிடும் அதே வேதியியலைச் சார்ந்தது. அமெரிக்காவில் கோடாக்கின் ஜெலட்டின் ஆலை அமைந்த பீபாடியும் ஆம்பூரைப் போலத் தோலுக்குப் பெயர்பெற்ற ஊரே. நம் மாநிலத்திலும் 1967 முதல் உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை படச்சுருள் தயாரித்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது.

1975-ல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படச்சுருளே இல்லாத கருவியைச் செய்தார். ஒளி மின்னூட்டமாகி, எண்களாகிச் சேமிக்கப்பட்டது. தோலும் வெள்ளியும் கடுக்காய் அமிலமும் விடைபெற்றன. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. திருமணத்தன்று மட்டும் கேமரா முன் நின்ற எளிய குடும்பத்தின் மகள், இன்று காலணி ஆலை வாசலில் தோழியரோடு நின்று நாள்தோறும் படமெடுத்துக்கொள்கிறாள். நடமாடும் மனிதர் இப்போது தெளிவாகப் பதிகின்றனர்.

ஆனால் எடுப்பது எளிதான அளவுக்குக் காப்பது எளிதாகவில்லை. கைப்பேசி பழுதானால் திருமுழுக்கு, முதல் நற்கருணை, மறைந்த பாட்டியின் சிரிப்பு யாவும் ஒருசேர மறையக்கூடும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் என்னவாகும் என்பதை இம்மண்ணின் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆயிரம் படங்களுள் பத்தையேனும் தேர்ந்தெடுத்து அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி, பெட்டியில் வைப்போம். பதனிடுதல் நம் கைக்குப் பழகிய தொழில்தானே!