நிக்கலஸ் பிடில்

நிக்கலஸ் பிடில் (1786–1844): அமெரிக்க வங்கியாளர்; அதற்குமுன் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பிலடெல்பியாவில் பிறந்தார். 15 வயதில் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, பாரிஸிலும் லண்டனிலும் அமெரிக்கத் தூதர்களிடம் செயலராக வேலை பார்த்தார்.

1810இல் மாநிலக் கீழவைக்குத் தேர்வானார். முதல் அமெரிக்க வங்கியின் 20 ஆண்டு உரிமம் முடியும் தறுவாய் அது. 1811 தொடக்கத்தில் அந்த வங்கிக்காக அவையில் வாதாடினார். வங்கி பிழைக்கவில்லை, பிடிலுக்கோ நிதி விவகாரம் அறிந்தவர் என்ற பெயர் கிடைத்தது. அடுத்து வந்த 1812 பிரிட்டனுடனான போர்க்காலத்தில் மாநில வங்கிகள் அளவின்றி நோட்டு அடித்துத் தள்ளின. நாணய மதிப்பு குலைந்தபின், 1816இல் நாடாளுமன்றம் இரண்டாம் அமெரிக்க வங்கியை நிறுவியது. 1819இல் அதிபர் மன்ரோ பிடிலை அதன் இயக்குநர்களில் ஒருவராக்கினார், 1823இல் பிடில் அதன் தலைவரானார்.

பிடிலின் பெருமை முழுவதும் அடுத்த சில ஆண்டுகளில்தான் இருக்கிறது. அரசுக்கு வரியாக வந்து தமது வங்கியில் சேரும் மாநில வங்கி நோட்டுகளை அவர் தேங்கவிடவில்லை. உடனுக்குடன் அந்தந்த வங்கிக்கு அனுப்பி, பொன், வெள்ளி நாணயமாகத் தரும்படி கேட்டார். கையிருப்பை மீறி நோட்டு வெளியிட்ட வங்கி அந்தக் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியாது. இன்று மைய வங்கிகள் செலுத்தும் கட்டுப்பாட்டை, அதற்கென்று ஒரு சட்டப்பிரிவுகூட இல்லாமல் அவர் நடத்திக்காட்டினார்.

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கோ இவ்வளவு பணபலம் தனியார் கையில் இருப்பதே பொறுக்கவில்லை. வங்கியின் உரிமம் 1836 வரை இருந்தும், ஜாக்சனின் அரசியல் எதிரி ஹென்றி கிளே முதலியோரின் தூண்டுதலால் பிடில் 1832இலேயே புதுப்பிக்கக் கோரினார். இரு அவைகளும் இசைந்தன. ஜூலை 10 அன்று ஜாக்சன் வீட்டோ செய்தார். அவ்வாண்டுத் தேர்தலிலும் அவரே வென்றார். மறு ஆண்டு அரசின் வைப்புத்தொகை வேறு வங்கிகளுக்குப் போனது. பிடில் கடன்களைக் கடுமையாகத் திரும்பப் பெற்றார். வைப்புத்தொகை போனபின் ஓரளவு சுருக்கம் தேவைதான். ஆனால் மக்கள் படும் பாட்டைக் கண்டு நாடாளுமன்றம் பணியும் என்று அவர் போட்ட கணக்கை மன்னிக்க இயலாது. கணக்கும் பொய்த்தது, வங்கியை ஆதரித்தவர்களே விலகினர்.

1836இல் பிடிலின் பழைய சட்டமன்றமே வங்கிக்கு மாநில வங்கியாக உரிமம் தந்தது. பருத்தி விலையைத் தாங்கிப்பிடிக்கப் பெருந்தொகை இறக்கப்பட்டது. 1839இல் பிடில் பதவி விலகினார். 1841இல் வங்கி நொடித்தது. மோசடிக் குற்றச்சாட்டு தொடர்ந்தது. அதிலிருந்து விடுபட்ட அவர், 1844 பிப்ரவரி 27 அன்று தமது ஆண்டலூசியா பண்ணை இல்லத்தில் காலமானார்.