இலையும் குருதியும்: ஃபோலிக் அமில வரலாற்றில் ஒரு தமிழகப் பக்கம்

மலாயாத் தமிழர் வரலாற்றை ஆய்ந்தோர் கங்காணிக்கும் கள்ளுக்கடைக்கும் தந்த இடத்தை உணவுக்குத் தந்தாரல்லர். உணவு பேசப்படும் இடத்தும் புழுங்கலரிசியே முன்னிற்கும். அதற்குக் காரணமும் உண்டு. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தார்; பெரிபெரி முன்னவரையே தாக்கிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரிதும் அணுகாமைக்கு விளக்கம் கிடைத்தது.

கருவுற்ற பெண்களின் இரத்தசோகை வேறு கதை. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு ஏழைப் பெண்கள், குறிப்பாக ஆலைத் தொழிலாளர், கருவுற்ற காலத்தில் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பருத்த ஒருவகைச் சோகையால் மாண்டனர். கிருமியைத் தேடிய வில்ஸ் அதனைக் காணாது, உணவின்மேல் கண்வைத்தார். 1929இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டு ஆய்ந்தார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார். அவர் கண்ட மருந்து விலைமலிந்த ஈஸ்ட் சாறான மார்மைட். இம்முடிவு 1931இல் வெளிவந்தது. நம் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் அக்கருப்புப் புட்டியை எடுப்போர் கஞ்சிக்குச் சுவையென்றே எடுப்பர்!

அச்சாற்றில் இருந்த பொருள் எதுவெனப் பத்தாண்டு தெரியவில்லை. 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்கக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். வில்ஸ் பெயரைப் போலவே அவர் பெயரும் நம் பாடநூல்களில் அரிதே.

1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் நடத்திய சோதனை, இவ்வமிலம் நரம்புக் குழல் குறைபாடு மறுமுறை நேர்வதை 72 விழுக்காடு தடுப்பதைக் காட்டிற்று. ஆனால் அக்குழல் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பெண் தான் கருவுற்றதை அறிந்து மருத்துவரை நாடும்போது காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். கருவுறுமுன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும் என்பதும், 1998 முதல் அமெரிக்கா தானியமாவில் இதனைக் கலக்க ஆணையிட்டதும் இதனாலேயே.

கீரை உண்ணும் நமக்கென்ன குறை என்பாரும் உளர். நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் ஃபோலேட்டின் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். ஆகவே எதனை உண்டனர் என்பதோடு எவ்வாறு சமைத்தனர் என்பதும் வரலாற்றுக்குரியதாகிறது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற மூதாட்டியர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கருவுற்றிருந்தபோது எதனை உண்டனர், எதனை விலக்கினர், பங்கீட்டு அரிசியில் தமக்கென எவ்வளவு எஞ்சிற்று என்று அவர்களிடம் கேட்டெழுத நம் மாணவர்க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.