பித்தளை அடுப்பு கூறும் வரலாறு

பழைய நாணயங்களைத் திரட்டுவோர் உளர். அஞ்சல் தலைகளைச் சேர்ப்போர் உளர். பழைய அடுப்பைத் தேடிப் பிடித்து, துலக்கி, பழுது நீக்கி, மீண்டும் எரியவைத்து மகிழ்வோரும் உளர் என்றால் நம்மவருள் பலர் நகைப்பர். ஆயினும் சுவீடனிலும் இங்கிலாந்திலும் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். மலையேறுவோரும் கூடாரமடித்துத் தங்குவோரும் முன்னாளில் உடன் கொண்டு சென்ற பித்தளை அடுப்புகளே அவர்கள் நாடும் செல்வம். அவ்வடுப்பு யாது சொல்கிறது என்று செவி சாய்ப்போமாயின், அரசர் வரலாற்றில் காணாத உண்மைகள் சில வெளிப்படும்.

அடுக்களை என்றால் புகை என்பதே நெடுங்காலம் உலகெங்கும் இருந்த நிலை. விறகுப் புகை பெண்மக்களின் கண்ணைக் கெடுத்தது, நெஞ்சை அரித்தது. மண்ணெண்ணெய் வந்த பின்னரும், திரி வைத்த அடுப்புகள் பாத்திரத்தில் கரி பூசின. இக்குறையைத் தீர்த்தவர் மன்னருமல்லர், முனிவருமல்லர். ஸ்டாக்ஹோம் நகரத்து இயந்திரத் தொழிலாளி ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பார். 1892 ஆம் ஆண்டளவில் அவரது அடுப்பு 'பிரைமஸ்' என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. அவர் திரியை நீக்கினார். பம்பினால் காற்றை அடைத்து, அவ்வழுத்தத்தால் எண்ணெயை மேலேற்றி, சூடேறிய குழாயில் ஆவியாக்கி, நுண்துளை வழியே பீறிடச் செய்தார். ஆவி காற்றொடு கலந்து நீலச் சுடராய் எரிந்தது, கரி ஒழிந்தது.

இவ்வடுப்பு சென்ற இடங்கள் எத்தனை! 1893 இல் நான்சென் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்டபோது அவரோடு சென்றது. 1911 இல் அமுண்ட்சென் தென்துருவம் கண்டபோதும், 1953 இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோதும், பனியை உருக்கி அவர்தம் குழுவினருக்கு நீர் தந்தது பிரைமஸே. 1897 இல் பலூனேறி வடதுருவம் நாடிய ஆண்ட்ரேயும் தோழர் இருவரும் பனித்தீவொன்றில் மாண்டனர். 33 ஆண்டுகள் கழித்து, 1930 இல் அவர்களது பாசறை கண்டெடுக்கப்பட்டபோது, அங்குக் கிடந்த பிரைமஸ் மீண்டும் எரிந்தது. மனிதர் மறைந்தனர், தொழிலாளியின் கைத்திறன் மறையவில்லை.

இனி நம் கேமரன் மலையை நோக்குவோம். 1885 இல் இங்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரை மலையே தாங்கி நிற்கிறது. 1929 இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸலின் பெயரை ஏடுகள் கூறுகின்றன. சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய எளிய மக்களின் பெயர்களைக் கூறுவது எது? அவர்கள் புழங்கிய பொருள்களே அன்றோ! ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நீர் 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும். மூடுபனியில் விறகும் ஈரமாகும். இத்தகைய இடத்தில், கையால் அழுத்தம் ஏற்றி எரிக்கும் அடுப்பின் அருமை சொல்லாமலே விளங்கும். எரிவாயு வந்தபின் இத்தகைய பித்தளை அடுப்புகள் பழைய சாமான் கடையில் எடைக்குப் போயின. எஞ்சியவை பரணில் உறங்குகின்றன.

அவற்றை எழுப்புவது அரிதன்று. புளி தேய்த்தால் பித்தளை பொன்னாகும். பம்பினுள் இருக்கும் தோல் வாஷர் உலர்ந்து சுருங்கியிருக்கும். அதனை எண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் உயிர் பெறும், இல்லையேல் புதிது இடலாம். நிப்பிளின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கினும் சிறியது. அதற்குரிய மெல்லிய பின்னால் அடைப்பை நீக்கல் வேண்டும். எண்ணெய் ஊற்றுமுன், வெறுங்கலத்தில் காற்றடைத்து நீரில் அமிழ்த்துக. குமிழி எழும் இடமே கசியும் இடம். பற்றவைக்கும்போது முதலில் ஸ்பிரிட் எரித்துக் குழாயை நன்கு சூடேற்றுக. சூடு போதாவிடில் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீறிட்டு நெருப்பு ஓங்கும். எரியும் அடுப்பிலும் ஆறாத அடுப்பிலும் எண்ணெய் ஊற்றுதல் கூடவே கூடாது.

இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று, தோழர்களே! இந்திய நாட்டில் மணமான இளம்பெண்கள் எரிந்து மாண்டபோது, 'ஸ்டவ் வெடித்தது' என்ற இரண்டு சொற்களால் மூடப்பட்ட வழக்குகள் பல. உண்மையான விபத்துகளும் நேர்ந்ததுண்டு, மறுப்பாரில்லை. ஆனால் மாமியாரையும் மகனையும் விட்டு, சீர் குறைந்த மருமகளையே தேடிச் சுடும் அடுப்பை எந்தத் தொழிற்சாலை செய்தது? 1970களின் இறுதியில் மாதர் இயக்கங்கள் வீதியில் இறங்கி இதனைக் கேட்டன. வரதட்சணையை 1961 இலேயே சட்டம் தடுத்திருந்தும் கொடுமை ஓயவில்லை. 1983 இல் கணவனும் அவன் சுற்றத்தாரும் இழைக்கும் கொடுமை தண்டனைக்குரியதாயிற்று. 1986 இல் வரதட்சணைச் சாவு தனிக் குற்றமாயிற்று.

வெடித்ததாகச் சொல்லப்பட்ட அடுப்பின் கலம் பிளந்திருந்ததா? நிப்பிள் அடைந்திருந்ததா? காற்றுத் திருகு திறந்திருந்ததா? இவ்வினாக்களை எழுப்ப வல்லவர் யார்? அடுப்பைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவரே. அறியாமை உள்ள இடத்தில் பொய்க்குப் பித்தளையும் சாட்சியாகும். அறிவு வந்த இடத்தில் அதே பித்தளை மெய்க்குச் சாட்சி சொல்லும். விதியென்று அழுதுவிட்டு அமைவது அறிவுடையார் செயலன்று.

ஆகவே, பரணில் கிடக்கும் பாட்டியின் அடுப்பை எடைக்குப் போடற்க. இறக்குக, துலக்குக, மகனையும் மகளையும் அருகமர்த்தி ஒவ்வோர் உறுப்பின் தொழிலையும் விளக்குக. புகையிலிருந்து பெண்ணை மீட்கப் பிறந்த கருவி அது. அதன்மேல் ஏற்றப்பட்ட பழியையும் துடைத்துவிட்டால், அதன் பளபளப்பு முழுமை பெறும்.