மாதவியின் கணக்கு

மாதவி என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குப் புகாரும் கோவலனும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது வேறு மாதவி. மகாபாரதத்து மாதவி, யயாதி மகாராஜாவின் பெண். யயாதி மகன் பூருவிடம் இளமையைக் கடன் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு பெண் இருந்தாள் என்பதும், அவளை வைத்து அவர் செய்த காரியமும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

யயாதியின் ஊர் பிரதிஷ்டானம். நான் இப்போது குப்பை கொட்டும் அலகாபாத்துக்கு (2018-லிருந்து பிரயாக்ராஜ், வாயில் பழைய பேர்தான் வருகிறது) எதிரே, கங்கைக்கு அக்கரையில் இருக்கும் ஜூஸிதான் அது என்கிறார்கள். சாஸ்திரி பாலம் தாண்டினால் ஜூஸி. அங்கே சமுத்ரகூபம் என்ற பழைய கிணற்றைக் காட்டுகிறார்கள். மாதவியைத் தெரிந்தவர் யாரும் எனக்கு அகப்படவில்லை.

கதை உத்யோக பர்வத்தில் வருகிறது. கிருஷ்ணன் தூது போன சமயத்தில், வீண் பிடிவாதம் கெடுதி என்று துரியோதனனுக்குப் புத்தி சொல்ல நாரதர் எடுத்துவிடும் கதை இது.

விசுவாமித்திரரின் சீடர் காலவர். படிப்பு முடிந்தது, போய் வா என்கிறார் குரு. இவரோ தட்சிணை என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று விடாமல் நச்சரிக்கிறார். குருவுக்குக் கோபம் வந்து, நிலவு மாதிரி வெள்ளையாய், ஒரு காது மட்டும் கறுப்பாய் 800 குதிரை கொண்டு வா என்று சொல்லிவிட்டார். காலவரிடம் ஒரு கழுதைகூடக் கிடையாது. நண்பன் கருடன் அவரைச் சுமந்துகொண்டு திசை திசையாய் அலைந்து கடைசியில் யயாதியிடம் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

யயாதியிடம் அப்போது பழைய செல்வம் இல்லை. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனசில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டார். இவளுக்காக ராஜாக்கள் ராஜ்யத்தையே கொடுப்பார்கள், 800 குதிரை எம்மாத்திரம் என்கிறார். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: பெண் வயிற்றுப் பேரன்கள் வேண்டும். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வட்டியோடு வரும்.) எங்கள் பாஷையில் சொன்னால், கடன்காரர் காலவர், செக்யூரிட்டி கொடுத்தது மூன்றாம் மனிதர், அந்தச் செக்யூரிட்டி அவருடைய மகள்.

முதலில் அயோத்தி. அரசன் ஹர்யசுவனிடம் 200 குதிரைதான் இருக்கிறது. அதற்கு ஒரு பிள்ளை மட்டும் பெற்றுக்கொள்கிறேன் என்கிறான். காலவர் திகைத்து நிற்கும்போது மாதவி முதன்முதலாக வாய் திறக்கிறாள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மறுபடி கன்னியாகும் வரம் எனக்கு உண்டு. நாலு அரசர்கள், நாலு பிள்ளைகள், 800 குதிரை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள்.

அவளே ஒத்துக்கொண்டதுதானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்பா தாரை வார்த்துக் கொடுத்தாயிற்று, முனிவர் கூட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. அதற்கப்புறம் அவளால் செய்ய முடிந்தது தவணையை முடிவு செய்வது மட்டும்தான்.

அயோத்தியில் வசுமனஸ் பிறந்தான். குழந்தையை விட்டுவிட்டு வந்தாள். குதிரைகள் இப்போதைக்கு உன்னிடமே இருக்கட்டும் என்று ராஜாவிடமே டெபாசிட் செய்துவிட்டார் காலவர். அடுத்து காசியில் திவோதாசனுக்குப் பிரதர்த்தனன். போஜ நகரத்தில் உசீநரனுக்குச் சிபி. மூன்று ஊரிலும் தலா 200. ஆக 600.

மீதி 200-க்கு எங்கே போவது? கருடன் வந்து உண்மையை உடைக்கிறான். உலகத்தில் இருந்ததே இந்த மாதிரி 1000 குதிரைகள்தானாம். கன்னோசி அரசன் காதி தன் மகள் சத்தியவதிக்குக் கன்யா சுல்கமாகக் கேட்டான் என்று ரிசீக முனிவர் வருணனிடமிருந்து வாங்கிக் கொடுத்தவை அவை. காதி யாகம் செய்து பிராமணர்களுக்குத் தானம் கொடுக்க, அவர்களிடமிருந்து மூன்று அரசர்களும் விலைக்கு வாங்கிய 600 மிச்சம். 400 விதஸ்தா நதியில், அதாவது இன்றைய ஜீலத்தில், அடித்துக்கொண்டு போய்விட்டது.

இங்கேதான் நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். காதி யார்? விசுவாமித்திரரின் அப்பா. சத்தியவதி அவருடைய சொந்த அக்கா. அக்காவுக்கு விலையாக வீட்டுக்கு வந்த குதிரைகளைத்தான் இவர் சீடனிடம் கேட்டிருக்கிறார்!

கருடன் சொன்ன யோசனை அப்பட்டமான ஒன் டைம் செட்டில்மெண்ட். 600 குதிரையைக் கொடு, பாக்கிக்கு மாதவியையே கொடு. விசுவாமித்திரர் மறுக்கவில்லை. முதலிலேயே இவளைக் கொண்டுவந்திருந்தால் நாலு பிள்ளையும் எனக்கே ஆகியிருக்குமே என்கிறார். அஷ்டகன் பிறந்தான். அந்தக் குதிரைகளை அவனுக்கே கொடுத்துவிட்டு, மாதவியைக் காலவரிடம் திருப்பிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். ஆக, காதியின் சொத்து காதியின் பேரனுக்கே போய்ச் சேர்ந்தது. காலவரும் அவளை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

இந்த லெட்ஜரில் மாதவி பேரில் வரவு என்று ஒரு வரி தேடிப் பார்த்தேன். இல்லை.

யயாதி பிறகு அவளுக்குச் சுயம்வரம் வைக்கிறார், கங்கையும் யமுனையும் கூடும் இடத்து ஆசிரமத்தில். பூருவும் யதுவும் தங்கையைத் தேரில் ஏற்றி வந்தார்கள். எவ்வளவோ பேர் காத்திருந்தார்கள். மாதவி இறங்கி, எல்லோரையும் தாண்டிப் போய், காட்டை வரித்தாள். மான்களோடு மானாகப் புல் மேய்ந்து தவம் செய்தாளாம். மாக மேளாவுக்குச் சங்கமத்தில் கூட்டம் நெரியும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

பல காலம் கழித்து யயாதி கர்வத்தால் சொர்க்கத்திலிருந்து விழுகிறார். விழுந்த இடம் நைமிசாரண்யம் (நம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று). நாலு பேரன்களும் அங்கே வாஜபேயம் செய்துகொண்டிருக்கிறார்கள். மாதவியும் வருகிறாள். கதையில் இரண்டாவது தடவையாகப் பேசுகிறாள். இவர்கள் உங்கள் பேரன்கள், நான் உங்கள் மகள் மாதவி, நான் சேர்த்த புண்ணியத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். காலவரும் வந்தார், தன் தவத்தில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தார். பேரன்களும் கொடுத்தார்கள். யயாதி மேலே போய்விட்டார்.

பீஷ்ம சாஹ்னி இவளை வைத்து இந்தியில் 'மாதவி' என்று ஒரு நாடகமே எழுதினார். நாரதரோ கதையை முடித்து, காலவரின் பிடிவாதத்தையும் யயாதியின் கர்வத்தையும் பார் என்று துரியோதனனிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். திருதராஷ்டிரன், எனக்கும் அதே ஆசைதான், ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்கிறான். பேச்சு கிருஷ்ணனிடம் போய்விடுகிறது.