மூன்று இறாத்தல் பன்றி இறைச்சி

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவை அம்மக்களின் சுபாவத்தோடு பிணைத்துப் பேசுவது பழைய வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழும் கறுப்பு மக்களின் உணவும் நெடுங்காலமாக இவ்வாறே பேசப்பட்டு வந்துள்ளது. பன்றிக் கொழுப்பிற் பொரித்த கோழி, உப்பிட்ட கொழுப்புத் துண்டத்தோடு நெடுநேரம் அவித்த கீரை, சோளமா ரொட்டி, தட்டு நிறைய வைத்து உண்ணும் பழக்கம் ஆகிய யாவும் அவர்களது நாவின் விருப்பத்தால் விளைந்தவை என்றே பலரும் எழுதினர். அவ்வாறு எழுதியோர் அடுக்களையை மாத்திரமே எட்டிப் பார்த்தனர். நாம் அடுக்களைக்கு வெளியே, தோட்ட முதலாளியின் களஞ்சிய வாயிலில் தொங்கிய தராசிலிருந்து தொடங்குவோம்.

1865இல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை, வயது வந்த அடிமை ஒருவருக்கு வாரந்தோறும் வழங்கப்பட்ட பங்கு பல தோட்டங்களில் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருந்தது. காற் புசல் சோளமா. மூன்று அல்லது மூன்றரை இறாத்தல் உப்பிட்ட பன்றி இறைச்சி. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, விடுதலை இயக்கத்தின் பெருங்குரலாய் விளங்கிய பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மாதமொன்றுக்கு எட்டு இறாத்தல் பன்றி இறைச்சி அல்லது அதற்கீடான மீன், ஒரு புசல் சோளமா என்று தமது பண்ணையின் கணக்கைப் பதிந்துள்ளார். இறைச்சி என்ற சொல்லும் ஈண்டு மயக்கம் தருவதே. தொடையும் முதுகுத் தசையும் எசமானின் மேசைக்குச் சென்றன. தோலடிக் கொழுப்பும் காலும் குடலுமே குடிசைகளுக்கு வந்தன.

கொழுப்பைத் தேர்ந்தவர் உண்டவரல்லர். அது மலிவானது, உப்பிலிட்டால் மாதக்கணக்கிற் கெடாதது, ஒரு கிராம் மாவில் நான்கு கலோரி எனில் ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது. விடியல் முதல் அந்தி வரை பருத்திக் காட்டில் வேலை வாங்குவதற்கு இதனிலும் மலிவான எரிபொருள் கிடையாது. அடிமைகளுக்கு எதனை, எவ்வளவு கொடுத்தால் ஆதாயம் என்று தோட்ட முதலாளிகள் விவசாயப் பத்திரிகைகளிற் கட்டுரை எழுதி விவாதித்தனர். மாட்டுத் தீவனம் பற்றிய விவாதத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எமக்குத் தென்படவில்லை.

எனினும் அந்தத் தராசுக்கு முன் நின்றவர்கள் வெறும் வயிறுகளாக இருந்துவிடவில்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்த வெண்டியையும் கௌபியையும், குடிசையோரத்துச் சிறு தோட்டத்துக் கீரையையும், ஆற்று மீனையும் அவர்கள் அப்பங்கோடு சேர்த்தனர். ஒரு பானைக் கீரைக்கு ஒரு சிறு கொழுப்புத் துண்டு. வாரம் முழுவதும் வரவேண்டிய கொழுப்பு அங்கே சுவையூட்டும் பொருளாக நின்றது. கீரை வெந்த நீரைக்கூட அவர்கள் கொட்டவில்லை; சோளமா ரொட்டியைத் தோய்த்து உண்டனர்.

விடுதலைக்குப் பின் சங்கிலி கழன்றது, தராசு கழலவில்லை. நிலமற்ற கறுப்பரும், அவரோடு வறிய வெள்ளையரும், வாரக் குடிகளாயினர். அறுவடை வரை உணவுப் பொருளை நிலவுடைமையாளரோ கடைக்காரரோ கடுவட்டிக்குக் கடனாகக் கொடுத்தார். கடனுக்கு ஈடு பருத்தி. ஆகவே பருத்தி குடிசையின் வாசற்படி வரை நடப்பட்டது. கீரைப் பாத்திக்கும் பசுவுக்கும் இடமில்லாது போயிற்று. கொழுப்பு இறைச்சி, சோளமா, கரும்புப் பாணி என மூன்றே பொருள்கள் கடைக்கணக்கில் ஏறின.

இவ்வுணவு உடலுக்கு வேண்டிய சூட்டைத் தந்தது. வேறெதையும் போதியளவு தரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலக்ரா எனும் நோய் தெற்கெங்கும் பரவிற்று. தோல் வெடித்து, வயிற்றோட்டம் கண்டு, சித்தம் கலங்கி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இது தொற்றுநோய் என்றனர் சிலர். பரம்பரைக் குறைபாடு என்றனர் வேறு சிலர். 1914இல் அரசாங்கம் ஆய்வுக்கு அனுப்பிய வைத்தியர் யோசப் கோல்ட்பெர்கர், மனநோய் விடுதிகளில் நோயாளர் பெலக்ராவால் வாடுகையில் பணியாளரை அது தீண்டாததைக் கவனித்தார். தொற்று நோய் உத்தியோகம் பார்த்துத் தொற்றுமா? அநாதை விடுதிகளில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறுவகையும் கொடுக்கச் செய்தார், நோய் மறைந்தது. 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்த கைதிகள் பதினொருவருக்குச் சோளமும் மாவும் பாணியும் மிகுந்த தெற்கத்திய உணவையே கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் அறுவருக்கு நோய் கண்டது. (சிறைக்கதவின் சாவியைக் காட்டிப் பெற்ற சம்மதத்தை எவ்வாறு மதிப்பது என்பது தனியே ஆராயத்தக்கது.) 1916இல் அவரும் புள்ளிவிபரவியலாளர் எட்கார் சைடென்ஸ்ட்ரிக்கரும் தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். குடும்ப வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது.

1921இல் பருத்தி விலை வீழ்ந்து நோய் பெருகுமென்ற எச்சரிக்கை எழுந்தபோது, தெற்கின் அரசியல்வாதிகள் தமது மாநிலங்களின் பெயர் கெடுவதாகச் சினந்தனர். 1937இல் நயசின் எனும் விற்றமினே இந்நோய்க்கு மருந்தென்பது தெளிவாயிற்று. மெக்சிக்கோவின் பழங்குடியினர் சுண்ணாம்பு நீரிற் சோளத்தை அவித்து அதனிலுள்ள நயசினை உடலுக்குக் கிட்டச் செய்யும் முறையைப் பன்னூறாண்டுகளாகக் கையாண்டவர்கள். சோளத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றோர் அம்முறையைக் கொண்டுசெல்லவில்லை.

பங்கீடு ஆயுதமாகவும் பயன்பட்டது. 1962இல் மிசிசிப்பியின் லெஃப்ளோர் மாவட்டத்திற் கறுப்பர் வாக்காளராகப் பதிய முற்பட்டபோது, மாவட்ட நிர்வாகம் ஏறத்தாழ 22,000 பேருக்குக் கிடைத்துவந்த கூட்டாட்சி அரசின் இலவச உணவை நிறுத்திற்று.

அக்காலத்தில் இவ்வுணவு பற்றிக் கறுப்பு மக்களிடையிலேயே விவாதம் மூண்டது. கவிஞர் அமீரி பராக்கா தமது கட்டுரையொன்றில் இதனை அம்மக்களின் சொந்தப் பண்பாடெனப் போற்றினார். எலைஜா முகம்மது 1967இல் வெளியிட்ட நூலிலோ அடிமை உணவெனச் சாடினார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. பங்கு எசமானுடையது, பக்குவம் அவர்களுடையது. கொழுப்பும் பொரியலும் இனிப்புப் பானமும் மிகுந்த தெற்கத்திய உணவுமுறை கறுப்பரிடையே உயர் குருதியமுக்கம் மிகுவதற்கு முக்கிய காரணமென 2018இல் வெளிவந்த பேராய்வு காட்டியது. தட்டின் அளவைக் குறைக்குமாறு வைத்தியர் கூறும் அறிவுரை பிழையன்று. ஆனால் அவ்வறிவுரை பேராசைக்குக் கண்டனமாக ஒலிக்கும்போது, காற் புசல் மாவை அளந்தவரின் கை மறைந்துவிடுகிறது.

வாக்குரிமை கேட்டமைக்காக 1962இல் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட வாரக்குடிப் பெண் ஃபானி லூ ஹேமர், 1969இல் மிசிசிப்பியின் சன்ஃபிளவர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுப் பண்ணையை நிறுவினார். அங்கு கீரையும் கௌபியும் வெண்டியும் பயிராயின. அதனோடு ஒரு பன்றி வங்கியும் நடந்தது. வறிய குடும்பங்கள் பெண்பன்றியொன்றைப் பெற்று வளர்த்தன. குட்டிகளிற் சில வேறு குடும்பங்களுக்குச் சென்றன. எழுபதுகளின் நடுப்பகுதியிற் கடனும் வறட்சியும் அப்பண்ணையை மூடச்செய்தன. அதுவரை அம்மாவட்டத்து வறிய வீடுகள் பலவற்றில் பன்றியின் தொடைக்கறி எவருக்கு என்பதை அவ்வீட்டாரே தீர்மானித்தனர்.